உடம்பெல்லாம் மாறிப்போச்சு, கார் மட்டும் அதேதான்: பென்ட்லி "ஓல்ட் நம்பர் ஒன்" கை மாறின கதை

1990 ஜூலை 27, லண்டன் ஹைகோர்ட்ல ஒரு பழைய பென்ட்லி கார் வித்த வழக்குல ஜட்ஜ் ஓட்டன் ஒரு தீர்ப்பு சொன்னாரு. அதுல ஒரு இடத்துல ஒர்க்‌ஷாப் மேஸ்திரி பில்லு போடற மாதிரி ஒரு காரோட பாகங்கள வரிசையா எண்ணிக்கிட்டே போறாரு. 1929ல ஃபிரான்ஸ்ல நடந்த லெ மான்ஸ் 24 மணி நேர ரேஸ் ஜெயிச்ச அந்த கார்ல இன்னைக்கு என்ன மிச்சம் இருக்கு? எந்த வருஷத்துதுன்னே சொல்ல முடியாத சில்லறை ஃபிட்டிங்ஸ் தவிர ஒண்ணுமில்ல. சரி, 1930ல மறுபடி ஜெயிச்சதே, அப்போ இருந்ததுல என்ன மிச்சம்? பெடல் ஷாஃப்ட், கியர்பாக்ஸ் கூடு, ஸ்டியரிங் காலம் (ஸ்டியரிங் சக்கரத்த தாங்குற தண்டு). அவ்ளோதான். சேஸிஸ் (அடிச்சட்டம்), இன்ஜின், ஃப்ரண்ட் ஆக்ஸில், பிரேக்கு எல்லாம் 1932ல ரேஸ் ஓடின உருவத்துல இருந்து வந்தது, மேல இருக்குற பாடி அதுக்கும் ரொம்ப நாள் கழிச்சு வந்தது. இத்தனையும் சொல்லிட்டு கடைசில, இதுதான் நிஜமான "ஓல்ட் நம்பர் ஒன்", இந்தப் பேர சொந்தம் கொண்டாட வேற எந்த பென்ட்லியும் இல்லன்னு முடிச்சுட்டாரு.

முதல் தடவ இத படிச்சப்போ, இவருக்கு காரப் பத்தி ஒண்ணும் தெரியாது போலன்னுதான் தோணுச்சு. அப்புறம் காரோட வரலாற முழுசா தேடிப் படிச்சப்போதான் புரிஞ்சுது, அவரு சொன்னதுதான் கரெக்டு, நாமதான் பழைய கார தப்பா பாத்துட்டு இருக்கோம்னு.

மொதல்ல கார் என்னன்னு பாத்துடுவோம். இங்க நாம பழசா எத பாத்தாலும் வின்டேஜுன்னு சொல்லிடுவோம், ஆனா இங்கிலாந்துல 1934ல ஆரம்பிச்ச வின்டேஜ் ஸ்போர்ட்ஸ்கார் கிளப்பு அதுக்கு ஒரு கோடு போட்டுச்சு, 1930 டிசம்பர் முடியுறதுக்குள்ள செஞ்சிருந்தாதான் வின்டேஜு, அதுக்கப்புறம் வந்தது வேற கணக்கு. ஓல்ட் நம்பர் ஒன் அந்தக் கோட்டுக்கு உள்ள வர்ற வண்டி, 1929ல லண்டன் பக்கம் கிரிக்கிள்வுட்ல இருந்த பென்ட்லி கம்பெனியோட ரேஸிங் ஷாப்ல இருந்து வெளிய வந்த ஸ்பீட் சிக்ஸ். ஆறு சிலிண்டர், ஒவ்வொண்ணும் 100 மில்லிமீட்டர் அகலம், பிஸ்டன் ஏறி எறங்குற தூரம் 140 மில்லிமீட்டர், மொத்தம் 6,597 சிசி, ஓவர்ஹெட் கேம், சிலிண்டருக்கு நாலு வால்வு. நம்பர் பிளேட் எம்டி 7464.

இத ரேஸ் கார்னு சொல்லிட்டு டூரிங் கார்னும் எப்படி சொல்றதுன்னு கேக்கலாம். லெ மான்ஸ் 24 மணி நேர ரேஸ் 1923ல ஆரம்பிச்சப்போ அதோட நோக்கமே, ஜனங்க காசு குடுத்து வாங்குற மாதிரி டூரிங் காரு எவ்ளோ தாங்குதுன்னு பாக்குறதுதான். அதனால பெரிய இன்ஜின் வண்டின்னா நாலு சீட்டு பாடி இருக்கணும், மட்கார்டு, லைட்டு எல்லாம் இருக்கணும், ஆள் இல்லாத சீட்டுக்கு பதிலா எடை ஏத்திக்கிட்டு ஓடணும். ஸ்பீட் சிக்ஸுக்கு அந்த ஓப்பன் பாடிய செஞ்சது வாண்டன் பிளாஸ்ங்கற கோச் பில்டர். ஆஷ் மரத்துல கூடு கட்டி, அது மேல தகடு அடிக்காம லெதர் மாதிரி துணி போத்தி ஆணி அடிச்சுடுவாங்க. வெயிட்டு கம்மி, ரோட்டுல குலுங்குறப்போ கீச்சு கீச்சுன்னு சத்தம் வராது. ஆனா ஆயுசு கம்மி. ஆஷ் மரம் சேர்ற மூலையில தண்ணி எறங்கி ஸ்க்ரூவ சுத்தி கருத்து உளுத்துப்போகும், ஆணி துருப்புடிச்சு துணி அந்த இடத்துலேயே கிழிஞ்சு வாயப் பொளக்கும். இத ஞாபகம் வெச்சுக்கங்க, ஏன்னா இந்தக் கதையில பாடி மாறினத பெரிய குத்தமா பேசுறவங்க இந்த பாடியெல்லாம் நூறு வருஷத்துக்குன்னு செஞ்சதில்லங்கறத மறந்துடறாங்க.

ஓனர் யாருன்னு பாத்தா வுல்ஃப் பர்னாட்டோ. அப்பா பார்னி பர்னாட்டோ தென்னாப்பிரிக்கா கிம்பர்லி வைரத்துல சம்பாதிச்சவரு, அந்தப் பணம் மகன் கைக்கு வந்து, 1926ல பென்ட்லி கம்பெனி தள்ளாடிட்டு இருந்தப்போ அதுல பணத்தப் போட்டு சேர்மனாவே ஆயிட்டாரு. டபிள்யூ. ஓ. பென்ட்லி சொந்தமா ஆரம்பிச்ச கம்பெனியில அவரே சம்பளத்துக்கு வேல பாக்குற மாதிரி ஆச்சு. ஆனா பர்னாட்டோ வெறும் பணக்காரர் இல்ல, வண்டி ஓட்டத் தெரிஞ்சவரு, லெ மான்ஸ்ல மூணு தடவ கலந்துக்கிட்டு மூணு தடவயும் ஜெயிச்ச மனுஷன். 1928ல நாலரை லிட்டர் பென்ட்லில, 1929ல டிம் பர்கின் கூட, 1930ல கிளென் கிட்ஸ்டன் கூட. கடைசி ரெண்டும் இந்த எம்டி 7464லதான். 1929ல மொத நாலு எடமும் பென்ட்லிக்கே போச்சு, இந்த கார் மேல அன்னைக்கு பெயின்ட் அடிச்சிருந்த நம்பர் 1, அதுலருந்துதான் "ஓல்ட் நம்பர் ஒன்"ங்கற பேரு. 24 மணி நேரத்துல 2,844 கிலோமீட்டர். 1930ல நம்பர் 4, தூரம் 2,930 கிலோமீட்டர், பேரு மட்டும் மாறல.

இந்த ரெண்டு ஜெயிப்புக்கு நடுவுல என்ன நடந்துச்சுங்கறதுதான் முக்கியம். ரேஸிங் ஷாப்ல வேல பாக்குறவங்களுக்கு வண்டி ஒரு கருவி, அவ்ளோதான். ஒரு ரேஸ் முடிஞ்சா பிரிச்சுப் போடுவாங்க, விரிசல் விட்டது, தேஞ்சது, வளைஞ்சது எல்லாம் மாத்துவாங்க, அடுத்த சீசனுக்கு இன்னும் நல்லா ஏதாவது வந்திருந்தா பழச கழட்டி வெச்சுட்டு அத மாட்டுவாங்க. கழட்டினது வேற வண்டிக்குப் போகும், இல்ல ரேக்குல கெடக்கும். அறுபது வருஷம் கழிச்சு ஒரு வக்கீல் வந்து இந்த ஆக்ஸில் எந்த வருஷத்துதுன்னு குறுக்கு விசாரணை பண்ணுவாருன்னு அந்த மெக்கானிக்குங்க கனவுலயும் நெனச்சிருக்க மாட்டாங்க. ஆக, ஜட்ஜ் போட்ட லிஸ்ட்ல 1929 பாகம் ஏன் இல்லன்னா, யாரும் திருடல, யாரும் ஏமாத்தல, வண்டி வேல செஞ்சுக்கிட்டு இருந்துச்சு, அதனாலதான்.

1930 லெ மான்ஸோட கம்பெனி ரேஸ்ல இருந்து ஒதுங்கிடுச்சு. அடுத்த வருஷம் கம்பெனியே திவாலாச்சு, நேப்பியர்ங்கற இன்ஜின் கம்பெனி வாங்கப்போறாங்கன்னு எல்லாரும் நெனச்சுட்டு இருக்கறப்போ ரோல்ஸ் ராய்ஸ் வேற ஒரு பேர்ல உள்ள பூந்து வாங்கிட்டுப் போனது தனிக் கதை. ஆனா ஓல்ட் நம்பர் ஒன்னுக்கு ஓய்வு கெடைக்கல. சர்ரேல ப்ரூக்லண்ட்ஸ்னு ஒரு கான்கிரீட் டிராக்கு, 1907ல கட்டினது, வளைவுல சட்டியோட ஓரம் மாதிரி செங்குத்தா ஏறும். அங்க 1931ல நடந்த 500 மைல் ரேஸ ஜாக் டன்ஃபியும் சிரில் பாலும் இந்த வண்டில ஜெயிச்சாங்க, சராசரி மணிக்கு 118 மைலுக்கு மேல. 1932க்கு இன்னும் வேகம் வேணும்னு 8 லிட்டர் பென்ட்லி இன்ஜின மாட்டினாங்க, 7,983 சிசி, சேஸிஸும் வேற. அந்த வருஷம் செப்டம்பர் 24, அதே 500 மைல் ரேஸ், ஜாக்கோட தம்பி கிளைவ் டன்ஃபி ஓட்டிட்டு இருந்தப்போ வண்டி மேல் விளிம்ப தாண்டி டிராக்குக்கு வெளிய போயிடுச்சு. கிளைவ் அங்கேயே எறந்துட்டாரு.

சாதாரணமா ஒரு வண்டியோட கதை இங்கேயே முடிஞ்சிருக்கணும். ஒரு உசுர வாங்கின, நசுங்கின வண்டிய எடைக்குப் போட்டிருந்தாலும் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டாங்க. ஆனா பர்னாட்டோ அத திரும்ப கட்ட வெச்சாரு, இந்த தடவ ரேஸுக்கு இல்ல, ரோட்டுல ஓட்ட, மேல கூரை வெச்ச கூப்பே பாடியோட. லெ மான்ஸ்ல ஓடின துணி போத்துன டூரர் இப்ப கனவான்க ஓட்டுற மூடின காரா ஆயிடுச்சு. அப்படியே கை மாறி கை மாறி வருஷக்கணக்கா ஓடுச்சு. பின்னாடி வந்த காலத்துல அந்த கூப்பே போயி மறுபடி ஓப்பன் டூரர் பாடி ஏறுச்சு.

இங்கதான் ரெஸ்டோரேஷன்ங்கற வார்த்தையே கொஞ்சம் சறுக்குது. பழைய நெலமைக்கு கொண்டு வர்றதுன்னு ஈஸியா சொல்லிடறோம், எந்த பழைய நெலமைக்கு? 1929ஆ, 1930ஆ, 118 மைல்ல போன 1931ஆ, டன்ஃபி செத்த அந்த 1932ஆ, பர்னாட்டோ ரோட்டுல ஓட்டின கூப்பேவா? ஒண்ண எடுத்தா மத்த நாலயும் அழிச்சாகணும். கூப்பே பாடியும் பர்னாட்டோவே செய்யச் சொன்னதுதானே, அதுல என்ன போலி இருக்கு? ஆனா லெ மான்ஸ் பாடிதான் எல்லாருக்கும் வேணும், ஏன்னா அதுலதான் புகழ் இருக்கு, புகழ் இருக்கற எடத்துலதான் பணமும் இருக்கு.

பணம்னதும் கேஸுக்கு வருவோம். 1980கள் கடைசில பழைய கார் வெல கண்ணாபின்னான்னு ஏறிட்டு இருந்த நேரம். 1990 ஏப்ரல் 7ல ஓனர் ஹப்பர்ட், மிடில்பிரிட்ஜ் சிமிட்டர்ங்கற கம்பெனிக்கு கார விக்க ஒப்பந்தம் போட்டாரு, பேசின வெல சுமார் 1 கோடி பவுண்டு. அப்புறம் வாங்க வந்தவங்க, இது ஒரிஜினல் ஓல்ட் நம்பர் ஒன்னே இல்ல, பாகமெல்லாம் வேறன்னு பின்வாங்குனாங்க, ஹப்பர்ட் கோர்ட்டுக்குப் போனாரு. அதே வருஷம் பழைய கார் மார்க்கெட்டும் சரிய ஆரம்பிச்சிருந்துச்சுங்கறதையும் சேர்த்து பாத்துக்கங்க, நான் ஒண்ணும் சொல்லல.

ஜட்ஜ் என்ன செஞ்சாருன்னா, ரெண்டு பக்கமும் ஒண்ணோட ஒண்ணு கொழப்பிட்டு இருந்த வார்த்தைகள தனித்தனியா பிரிச்சாரு. ஒரிஜினல்னு சொல்லணும்னா ரேஸ் ஜெயிச்ச அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும், அது இல்ல, சந்தேகமே வேணாம். ஆனா அத்தென்டிக்குனா வேற. புது பாகம் ஒவ்வொண்ணா, வருஷக்கணக்குல, ஓடிட்டு இருந்த வண்டிக்குள்ள கலந்துச்சு, எந்த ஒரு நாள்லயும் இது வேற வண்டி ஆயிடுச்சுன்னு கை காட்ட முடியாது, 1929ல ரேஸிங் ஷாப்ப விட்டு வெளிய வந்ததுல இருந்து இன்னைக்கு வரைக்கும் வரலாறு எங்கேயும் அறுபடலன்னாரு. விலைக்கு வந்தது இரும்பு மட்டும் இல்ல, அந்தப் பேரும் வரலாறும் சேர்த்துத்தான்னும் சொன்னாரு. நம்ம ஊரு கோயில் தேருக்கு ஒரு தலமுறையில சக்கரம் மாத்துவாங்க, இன்னொரு தலமுறையில மேல் மரமெல்லாம் மாத்துவாங்க, ஆனாலும் யாரும் இது வேற தேருன்னு சொல்றதில்ல இல்லையா, ஏன்னா வருஷா வருஷம் வடம் புடிக்கறது நிக்கல. அது மாதிரிதான்.

இதுக்கு நேர் எதிரா கணக்கு பாக்குற எடமும் உண்டு. பிரிட்டன்ல வண்டி ரிஜிஸ்ட்ரேஷன பாத்துக்குற டிவிஎல்ஏ, ரொம்ப மாத்தின வண்டி பழைய நம்பர வெச்சுக்கலாமான்னு முடிவு பண்ண ரொம்ப வருஷமா ஒரு பாயின்ட் முறை வெச்சிருந்தாங்க. சேஸிஸுக்கு 5, சஸ்பென்ஷனுக்கு 2, ஆக்ஸில் ரெண்டுக்கும் சேர்த்து 2, டிரான்ஸ்மிஷன் 2, ஸ்டியரிங் 2, இன்ஜினுக்கு 1, மொத்தம் 8 வந்தா நம்பர் தங்கும். இன்ஜினுக்கு வெறும் 1தான்னு பாத்தீங்களா, நாம ரெண்டு பேர் பழைய கார் பேச ஆரம்பிச்சா இன்ஜின் ஒரிஜினலான்னுதான் மொத கேள்வி. சும்மா ஒரு விளையாட்டுக்கு ஜட்ஜோட லிஸ்ட்ட 1930 கார வெச்சு இந்த தராசுல போட்டேன், கியர்பாக்ஸுக்கு 2, ஸ்டியரிங்குக்கு 2, மொத்தம் 4, ஃபெயில். அந்த முறை இந்த மாதிரி காருக்குன்னு செஞ்சதில்ல, ஆனா இரும்ப மட்டும் எண்ணினா என்ன பதில் வரும்னு காட்டுது.

இரும்பு முழுசா இருந்தும் கதை தப்பா போன கேஸும் இதே பர்னாட்டோ வீட்லயே இருக்கு. 1930 மார்ச்ல கேன்ஸ்ல உக்காந்துட்டு, ப்ளூ டிரெய்ன்ங்கற சொகுசு ரயில் ஃபிரான்ஸோட வடக்கு கரையில இருக்கற கலே துறைமுகத்துக்கு போய் சேர்றதுக்குள்ள நான் என் ஸ்பீட் சிக்ஸ்ல லண்டன்லயே இருப்பேன்னு பந்தயம் கட்டினாரு. சாயங்காலம் டிரெய்ன் கெளம்புன நேரத்துல கெளம்பி, ராத்திரியெல்லாம் மழையிலயும் பனியிலயும் ஃபிரான்ஸ கடந்து, கடலத் தாண்டி, லண்டன் கிளப்பு வாசல்ல வண்டிய நிறுத்துனப்போ டிரெய்ன் கலே வர இன்னும் 4 நிமிஷம் பாக்கி. கர்னி நட்டிங் செஞ்ச ஒரு கூப்பே, கூரை தாழ்வா, ஜன்னல் ஒடுக்கமா, பாத்தாலே ஓடுற மாதிரி இருக்கும், அதுதான் அந்த ப்ளூ டிரெய்ன் பென்ட்லின்னு பல வருஷம் எல்லாரும் நம்பினாங்க, ஓவியம் கூட அத வெச்சுத்தான் வரைஞ்சாங்க. அப்புறம் தேதிய யாரோ சரி பாத்தப்போ, அந்த கூப்பே கைக்கு வந்ததே மே மாசம்! மார்ச்ல ஓடினது எச். ஜே. முல்லினர் செஞ்ச ஒரு சாதாரண நாலு கதவு சலூன். கூப்பே ஒரிஜினல்தான், பாகம் எல்லாம் சரிதான், பர்னாட்டோ காருதான், கதை மட்டும் பக்கத்து வண்டியோடது. ஒரு டெலிவரி தேதி போதும் கவுக்க.

அதனாலதான் இந்த வண்டிங்கள உண்மையா தெரிஞ்சவங்க பானட்ட தொறக்கறதுக்கு முன்னாடி ஃபைல தொறப்பாங்க. பழைய பென்ட்லிக்கு கம்பெனியோட சர்வீஸ் ரெக்கார்டு பலதும் இன்னும் இருக்கு, எந்த தேதியில எத்தன மைல் ஓடி வந்துச்சு, ஆக்ஸில் எப்போ மாத்துனாங்க, அப்போ ஓனர் யாருன்னு அதுல தெரியும். பிரிட்டன்ல 1920கள்ல இருந்து வந்த பழைய லாக் புக்குல ஒவ்வொரு ஓனர் பேரும் கவுன்சில் சீலோட இருக்கும். பாகத்துல பஞ்ச் பண்ணின நம்பர அதோட ஒத்துப் பாக்கணும். நம்பர் பொருந்தலன்னா கெட்டதுன்னு அர்த்தம் இல்ல, அது எப்போ, ஏன் மாறுச்சுன்னு பேப்பர் சொல்லுதான்னுதான் கேள்வி. பேப்பர் சொன்னா அது வரலாறு, சொல்லலன்னா அது சந்தேகம்.

என் மனசுல இருக்குற கோவம் ஓல்ட் நம்பர் ஒன் மேல இல்ல, அத பாத்து மத்தவங்க செஞ்சது மேல. கிரிக்கிள்வுட்ல இருந்து போன பென்ட்லியில எவ்வளவோ வண்டி சலூனாத்தான் போச்சு, டாக்டரும் கம்பெனி முதலாளியும் குடும்பத்தோட போற கனமான மூடின காரு. பின்னாடி அந்த பாடியெல்லாம் கழட்டி எறிஞ்சுட்டு, சில வண்டில சேஸிஸையும் வெட்டி குட்டையாக்கி, பச்ச பெயின்ட்டு அடிச்சு லெ மான்ஸ் மாதிரி டூரர் பாடி ஏத்திட்டாங்க, ஏன்னா அப்படி இருந்தா நல்ல வெல. விளைவு, ரேஸே பாக்காத வண்டியெல்லாம் ரேஸ் வண்டி வேஷம், உண்மையான சலூன் பாடியோட ஒண்ணு கெடச்சா அதுதான் இப்ப அபூர்வம். பழைய வண்டி சங்கங்களோட உலக அமைப்பு ஃபீவா, 2013ல டியூரின் சாசனம்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, பழைய கட்டடத்துக்கு 1964ல வந்த வெனிஸ் சாசனத்த பாத்து செஞ்சது. வண்டி வாழ்ந்த காலத்துல நடந்த மாத்தங்களும் அதோட வரலாறுதான், முடிஞ்ச வரைக்கும் இருக்குறத காப்பாத்துங்கன்னு அதோட சாரம். நல்ல பேச்சு, கழட்டி எறிஞ்ச சலூன் பாடிங்க திரும்பவா வரப்போகுது.

இதுக்கெல்லாம் மறு கோடின்னா ரோல்ஸ் ராய்ஸோட சில்வர் கோஸ்ட், நம்பர் ஏஎக்ஸ் 201. வின்டேஜ் கோட்டுக்கும் முந்தினது, 1907. பார்க்கர் கம்பெனி செஞ்ச ஓப்பன் டூரிங் பாடி, அலுமினிய நெறத்துல பெயின்ட்டு, பளபளன்னு வெள்ளி முலாம் பூசின ஃபிட்டிங்ஸ். லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் நடுவுல போய் வந்து 15,000 மைல் ஓட்டினாங்க, நடுவுல தானா நின்னது ஒரே தடவ, பெட்ரோல் டேப்பு குலுங்கி மூடிக்கிச்சு. அப்புறம் ஆட்டோமொபைல் கிளப்பு ஆளுங்க அக்கக்கா பிரிச்சுப் பாத்து புதுசு மாதிரி ஆக்கத் தேவைப்பட்ட பாகத்தோட வெல 2 பவுண்டு, 2 ஷில்லிங், 7 பென்ஸ். 1908ல ஒரு தனி ஆளுக்கு வித்தாங்க, 1948ல கம்பெனியே திருப்பி வாங்குச்சு, 1991ல பெரிய ரெஸ்டோரேஷன் முடிஞ்சுது. விபத்து இல்ல, வேற பேர் இல்ல, வழக்கு இல்ல. ஆனா அதுக்கும் விதி ஒரு குசும்பு வெச்சிருந்துச்சு, 1998ல ரோல்ஸ் ராய்ஸும் பென்ட்லியும் செஞ்சுட்டு இருந்த கிரூ ஃபேக்டரிய பென்ட்லியோட சேர்த்து ஃபோக்ஸ்வேகன் வாங்குனப்போ, உலகத்துலயே பேர் போன ரோல்ஸ் ராய்ஸ் பென்ட்லி சொத்தா ஆயிடுச்சு.

2022ல பென்ட்லி கம்பெனி ஸ்பீட் சிக்ஸ திரும்பவும் 12 வண்டி புதுசா செய்யப்போறோம்னு அறிவிச்சாங்க, 1930 லெ மான்ஸ் வண்டி மாதிரியே. அளவு அச்சு அசலா இருக்கும், ஓல்ட் நம்பர் ஒன்ன விட 1930 காருக்கு அது கிட்ட இருக்கும்னு கூட சொல்லலாம். ஆனா அது எதையும் யாரும் ஓல்ட் நம்பர் ஒன்னுன்னு சொல்ல மாட்டாங்க.

ஜட்ஜோட அந்த லிஸ்ட்டுக்கு கடைசியா ஒரு தடவ போயிட்டு வரேன். பழைய பென்ட்லில ஆக்ஸிலரேட்டர் நடுவுல இருக்கும், கியர் லிவர் வலது கை பக்கம், கியர் வேகத்த தானா பொருத்துற சின்க்ரோமெஷ் கிடையாது, ஒவ்வொரு கியருக்கும் கிளட்ச ரெண்டு தடவ மிதிச்சு வேகத்த பொருத்தி போடணும், இல்லன்னா கரகரன்னு மானத்த வாங்கிடும். 1930 ஜூன்ல பர்னாட்டோவும் கிட்ஸ்டனும் மாத்தி மாத்தி அப்படித்தான் 24 மணி நேரம் ஓட்டினாங்க. அந்த வண்டில இருந்து தப்பிச்ச மூணும் பாருங்க, பெடல் ஷாஃப்ட்டு, கியர்பாக்ஸ் கூடு, ஸ்டியரிங் காலம். அவங்க காலும் கையும் எது வழியா வண்டியோட பேசுச்சோ, அது மட்டும்தான் மிச்சம்.